நாடு தாண்டாத ஜாதகம்

அனுப்பு பட்டனுக்கு அரை அங்குலம் மேலே சுகுமாறனின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பதினைந்து வருடமாகத் திருமண நிலையம் நடத்தும் அவர், முந்தின நாள்தான் தகவல் பாதுகாப்புச் சட்டம் பற்றிய கூட்டத்துக்குப் போய்வந்திருந்தார். தின்னக் கறிபாப் பலகாரம் கொடுத்துப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பேர், பிறந்த தேதி, ஊர் எதுவானாலும் ஆளுடைய சம்மதம் இல்லாமல் நாடு தாண்டக் கூடாதாம். ஜாதகத்தில் இதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

பொருத்தம் பார்ப்பவரோ கடலுக்கு அப்பால் கும்பகோணத்து ஜோசியர். பக்கத்து ஊர் கிள்ளான் மாப்பிள்ளை ஜீவனின் அம்மா தங்கமணிக்கு அவர் வாக்குதான் வேதம். அந்த அம்மா, சாயங்காலம் ஐந்துக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பெண் ஷாமினி, சுகுமாறனின் சொந்த அக்கா மகள். இது ஒன்பதாவது வரன். அவளே "ஓகே மாமா" என்று சொன்ன முதல் வரன்.

நாலு பக்கச் சம்மதப் படிவம் ஒன்றைத் தயார் செய்து தங்கமணிக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னுக்கே கையெழுத்தா? எங்க சொந்தத்துல டைவர்ஸுக்குத்தான் நாலு பக்கம் கையெழுத்து வாங்குவாங்க."

சரி, அடையாளத்தை மறைப்போம் என்று ஜீவனை 'ஆண் 1' ஆக்கினார். தேதி உறுத்தியது, கறுப்பு மை பூசினார். நேரம், ஊர், ராசிக் கட்டம் என்று மை பரவி, கடைசியில் பிள்ளையார் சுழி மட்டும் மிஞ்சியது. அதை ஜோசியருக்கு அனுப்பினார்.

"பேரில்ல, நட்சத்திரமில்ல. இதுக்குப் பொருத்தம் பார்க்க முடியாது லா," என்றார் ஜோசியர் போனில். "அர்ச்சனை வேணும்னா பண்ணலாம், சாமி பேருக்கு."

நம்மோடு பேசிப் பேசி மனிதருக்கு நம்மூர் 'லா' ஒட்டிக்கொண்டதில் சுகுமாறனுக்குக் கொஞ்சம் பெருமை.

அடுத்து ஒரு யோசனை. இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஜோசியரே வரிசையாகச் சொல்ல வேண்டியது. சரியானது வந்ததும் சுகுமாறன் இருமுவார். இருமல் தனிநபர் தகவல் ஆகாது. ஆனால் வெளியே கொட்டிய மழையில் அவருக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. ஜோசியர் கணக்குப்படி ஜீவன் ஏழு நட்சத்திரங்களில் பிறந்திருந்தான்.

"மழைங்க ஐயா, அதான்."

"இங்கயும் அதே மழைதான்," என்றார் ஜோசியர்.

திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டதற்குத் தங்கமணி, ஐந்து என்றால் ஐந்துதான் என்று வைத்துவிட்டார். மணி நாலு. சுகுமாறன் மறுபடி ஜோசியரைக் கூப்பிட்டார்.

"ஜாதகம்தான் நாடு தாண்டக் கூடாது, ஆள் தாண்டலாம். ஆனா நீங்க பிளைட் ஏறி வர்றதுக்குள்ள எங்க பிள்ள கல்யாணம் போயிருங்க ஐயா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "வேட்டி மாத்திட்டு வரேன்," என்று லைன் அறுந்தது.

நாலு இருபதுக்குக் கதவு திறந்தது. பதினைந்து வருடமாகப் போட்டோவில் மட்டுமே பார்த்த முகம், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. விடாத மழையிலும் உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"எப்படிங்க ஐயா?"

"உபாசனை," என்றார் ஜோசியர் சுருக்கமாக.

சுகுமாறன் காலில் விழுந்தார். ஜாதகம் மேசையை மட்டுமே தாண்டியது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். நாலு ஐம்பதுக்குத் தங்கமணி சம்மதித்தார். கும்பகோணமே நேரில் வந்து சொன்னபின் வேறென்ன செய்வார்? சுகுமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் காலில் விழப் போனார்.

கட்டடம் முழுக்கத் தரை துடைக்கும் வள்ளியம்மா உள்ளே வந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜோசியரைப் பார்த்தார்.

"என்னா அங்கிள், உங்க நாலாவது மாடி வீட்டிலேர்ந்து நடந்தா இறங்குனீங்க? லிஃப்டுதான் காலையிலயே சரியாயிருச்சே."