ஒரு தடவை மட்டும் கேட்ட படிவம்

ட்ரம்லாக்,
ஆன்ட்ரிம் கடற்கரை,
செவ்வாய்க்கிழமை.

கடலுக்கு அக்கரையில் கிண்டயரில் வாழும் என் அருமை மர்ட்டில் அக்காவுக்கு, தங்கை வில்மா மிகுந்த அன்போடு எழுதிக்கொள்வது. தேவ கிருபையில் நானும் என் வீட்டுக்காரர் எர்வினும் நலம். கண் மங்கியதால் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கோ ஓட்டத் தெரியாது. அன்றுமுதல் வாசலில் நிற்கும் காரைத் தினமும் துடைப்பதோடு சரி. உன் முழங்கால் வலிக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன். வலதா இடதா என்று எழுது. ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத்தான் குழம்புகிறது.

சபைக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் ஊர் முதியவர்களுக்கு நான் சூப்பு ஊற்றுவது உனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அதைச் சூப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வட்டாரச் சமூகநலக் குழுவிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் நாங்கள் 'தன்னார்வ, சமூகத் துறை' என்று தெரிந்தது. முதியோருக்கான கொள்கையை இனி எங்களைப் போன்றவர்களைக் கேட்டுத்தான் வகுப்பார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு பக்கமும் படித்தேன். கடைசியில் ஒரு படிவம், அதில் ஒரே கேள்வி: 'கிராமப் பஸ் உங்களுக்குத் தேவையா?' அந்தப் பஸ்தான் எல்லாரையும் கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது இல்லையென்றால் பாதி ஊர் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். சூப்புக்கு வரும் நாற்பத்து மூன்று பேரிடமும் படிவத்தை நிரப்பி வாங்கி, இரண்டு தரம் எண்ணி, உறையிலிட்டு அனுப்பினேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. பிறர் எழுதியதைப் படிப்பது பாவம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் வாரம் பதில் வந்தது: 'உங்கள் ஊரில் யாருக்கும் பஸ் தேவையில்லை என்றறிந்து மகிழ்ச்சி. மாதக் கடைசியோடு நிறுத்திவிடுகிறோம்.'

அக்கா, நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? தேநீர் வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம், மூன்றாம் தடவைதான் 'இவ்வளவு சொல்றீங்க' என்று கையை நீட்டுவோம். காகிதம் ஒரு தடவைதானே கேட்கும்! நாற்பத்து மூன்று பேரும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

நேரில் பார்த்தால் புரியும் என்று குழுவிலிருந்து ஓர்லா என்ற பெண்ணைக் கூடத்துக்கு வரவழைத்தேன். பெல்ஃபாஸ்ட் பட்டணத்துக்காரி, நல்ல பிள்ளை. நேராகப் போய் ஹெர்பி டகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு எண்பத்தாறு வயது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் அந்தப் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

"ஐயா, பஸ் நின்னுட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கென்னம்மா கஷ்டம்? பொடிநடையா போயிட்டு வந்துருவேன்."

"இருபத்தாறு மைல் ஐயா!"

"மேடு கொஞ்சந்தான் தாயி. என்னைவிட முடியாதவங்களைப் போய்ப் பாரு." சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை மேசைக்கடியில் தள்ளி ஒளித்தார்.

அடுத்தது சேடி மெக்ராத், இரண்டு இடுப்பு மூட்டையும் மாற்றிக்கொண்டவள். "நான் சும்மா காத்து வாங்கத்தான் பஸ்ல ஏறுறது" என்றாளே பார்க்கலாம்! மேசைக்கடியில் அவள் காலை ஒரு தட்டுத் தட்டினேன். "எதுக்குடி வில்மா உதைக்கிறே?" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கேட்டாள். ஓர்லா அத்தனையையும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

தட்டுக் கழுவும்போது சேடி என் காதருகே வந்தாள். "ஹெர்பி பாவம்டி. கடைக்குப் போக முடியாத நாள்ல பூனைக்கு வச்சிருக்கிற மீன்ல பாதியத் தானே திங்கிறாரு." அவள் அந்தப் பக்கம் போனதும் ஹெர்பி வந்தார். "சேடி படுற பாடு உனக்குத் தெரியுமா? குனிய முடியல. ஒத்தக் கால்லதான் காலுறை."

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. தன் கஷ்டத்தை மூன்று தடவை கேட்டாலொழியச் சொல்லாத ஊர், பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைக் கேட்காமலே சொல்கிறதே! புதிதாக ஒரு படிவம் எழுதினேன்: 'உங்கள் பக்கத்து வீட்டாருக்குப் பஸ் தேவையா? ஏன்?' போன ஞாயிறுதான் போதகர் புறணி பேசுவதைக் கண்டித்திருந்தார். ஆகவே முழங்காலில் நின்று ஆண்டவரைக் கேட்டேன். பிறர் நன்மைக்காக, எழுத்தில், கையெழுத்தோடு சொல்வது புறணியல்ல, சாட்சி என்று மனதில் பட்டது. அக்கா, சாட்சி ஆறாகப் பெருகியது! கூடுதல் தாள் கேட்டார்கள். சேடி மட்டும் நாலு வாங்கினாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்தேன், அகராதி தேவைப்படவில்லை.

பஸ் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டார் யாருக்காக எழுதினார்களோ அவர்களுக்கு மட்டும் அதில் இடம். என் படிவத்தை வட்டாரம் முழுவதற்கும் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்களாம். ஒரே ஒரு வில்லங்கம்: யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கே ஒரு நகலை அனுப்பவேண்டும் என்பது குழுவின் விதி. நேற்றுப் பஸ்ஸுக்குள் ஒரே களேபரம்.

"என் பூனைய ஏன் இழுத்தே சேடி?"

"யோவ், அந்தப் பூனைதான் உனக்கு இந்த சீட்டை வாங்கிக் குடுத்துது! நீ என் காலுறைய ஊருக்கே காட்டினியே, அது?"

ஆளுக்கொரு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இறங்கும்போது அவள் பையை அவர்தான் தூக்கிக்கொடுத்தார்.

சமாதானத்தின் தேவன் உன் வீட்டையும் உன் முழங்கால்கள் இரண்டையும் காப்பாராக. எர்வின் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அன்புத் தங்கை,
வில்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தபாலில் பஸ்ஸில் இடம் பெற்றவர்களின் பட்டியல் வந்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் இடம் உண்டு. எனக்கும் எர்வினுக்கும் இல்லை. எங்களைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. 'வில்மாவுக்கென்ன, அவதானே எல்லாம் நடத்துறா' என்று விட்டுவிட்டார்கள். மூன்று மைல் தூரம் சூப்பு அண்டாவை நான் தலையிலா சுமப்பேன்? ஓர்லாவே போன் செய்து, "உங்க பேரையும் சேத்துக்கட்டுமாம்மா?" என்றாள். "ஐயோ எனக்கெதுக்கும்மா, முடியாதவங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். ஆகவே ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் கஷ்டத்தையெல்லாம் உன் சார்பில் நானே நிரப்பிவிட்டேன். இரண்டு இடத்தில் எனக்கே அழுகை வந்தது. நீ கையெழுத்துப் போட்டு ஓர்லாவுக்கு அனுப்பினால் போதும், நான் கேட்டதாகச் சொல்லாதே. 'பக்கத்து வீடு' என்று போட்டதில் பொய் ஒன்றும் இல்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே கடல்தான் இருக்கிறது, வேறு வீடு எதுவும் இல்லை.