கைராசிக்கு எதற்குக் கையுறை?

கைராசிக்காரர் என்றொரு இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். எண்பத்து நான்காம் வருஷம் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் அந்த இனம் பல் டாக்டராக அவதரித்து, தசரதன் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தது.

வெறுங்கையைத்தான் அவர் வாய்க்குள் விடுவார். கடைவாய்ப் பல்லை ஆட்டிப் பார்ப்பார், ஈறை அமுக்குவார், ரத்தத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு அதே கையால் அடுத்தவரை வா என்பார், நடுவில் ஒரு பக்கோடாவும் தின்பார். கையுறை? இருந்ததே! கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு ஜோடி, பவுடர் போட்டு மடித்து. யாராவது அன்போடு உயிர் நண்டு கொண்டுவந்தால், அதைக் கழுவ மட்டும் வெளியே வரும்.

“நண்டு கடிக்கும்மா. மனுஷன் கடிப்பானா?”

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் உதவியாளர் மெஹருன்னிசா. ஊசியும் குறடும் கழுவுகிறவள். வாரத்துக்கு இரண்டு முறை ஊசி அவள் விரலைப் பதம் பார்த்துவிடும். மருந்துக் கம்பெனிக்காரர் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் தாளை அவள் படித்துத் தொலைத்தாள். ரத்தத்தில் பரவும் காமாலை ஒன்று உண்டாம். பல் பிடுங்குகிற இடத்துக்கு அது நெருங்கிய சொந்தமாம். அன்றிலிருந்து அவளுக்கு அலமாரிமேல் ஒரு கண்.

“அந்த கிளவுஸை எனக்காவது குடுங்க சார்.”

“உறை போட்டா ராசி உள்ளயே நின்னுடும்மா. அப்புறம் எவன் வருவான்?”

வருகிறவர்கள் மட்டும் சளைத்தவர்களா? லைட்ஹவுஸ் குப்பத்துத் துளசிங்கம் வீங்கிய கன்னத்தோடு வந்து உட்கார்ந்தார். கண்ணிரண்டும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தன.

“சார், அவர் கண்ணைப் பாருங்க.”

“கடல் வெயிலும்மா.”

“நைனா, உறை கிறை மாட்டிக்கினு ஏமாத்தாதே. உன் கைக்காவதான் வந்தேன்” என்று துளசிங்கம் வாயைத் திறந்தார். பல் ஆடியதும் மூடினார். உள்ளே ராசியான ஆள்காட்டி விரல் இருந்தது.

மனுஷன் கடித்தான்.

மூன்றாம் மாதம் தசரதன் மஞ்சளானார். “பட்டணத்து ஓட்டல் சாம்பார்” என்று தானே கண்டுபிடித்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாம்பாரைத் திட்டினார்கள். மெஹருன்னிசா மட்டும் அலமாரியைத் திறந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டியில் கிடந்த குறடுகளைக் கழுவினாள். சேதி டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. படுக்கையிலிருந்து ஆள் வந்தது:

“நண்டு வந்தா இன்னா பண்றதுன்னு டாக்டர் கேக்கறாரு.”

“வெறுங்கையால புடிக்கச் சொல்லு. அதான் ராசி இருக்கே.”

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்கும்போது, ‘நமக்கெல்லாம் அது வராது’ என்று மனசுக்குள் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டீர்களா? அப்படியானால் கண்ணாடிமுன் போய்க் கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள்.

ஒன்றுமில்லை. வெயிலாகத்தான் இருக்கும்.