நைஜல் காத்த கோட்டை

"டிராகனை எதுக்கு சார் கொல்லணும்?" என்று கேட்டுவிட்டு ஆறு வயது கேரிஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

இரும்புக் கவசத்துக்குள் நைஜலுக்கு வியர்த்துக் கொட்டியது. இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்கு வந்து, இந்தக் கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தவனுக்கு இன்றோடு சோதனைக் காலம் முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் சந்தோஷமாகத் திரும்பினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அவன் ஊரில் வீரன் என்றால் டிராகனைக் குத்துவான். அதைத்தான் வாளை உருவி நடித்துக் காட்டினான்.

"அது எங்க வேல்ஸ் கொடியில இருக்கிற டிராகன்!" என்று ஒரு பையன் கத்தினான். "எங்க டிராகன் மேல கை வச்சிடுவீங்களா?"

டீச்சர் நெரிஸ் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். உதவிக்கு ஒரு வார்த்தை? ஊஹூம்.

"ஐயோ, கொல்லலை கண்ணுங்களா, சும்மா சொன்னேன்! கோட்டையைக் காக்கிறதுதான் வீரனோட வேலை. மேல அந்த ஓட்டை தெரியுதா? கெட்டவங்க வந்தா, அது வழியா தலையில கல்லைப் போடுவாங்க!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். நைஜலுக்குப் போன உயிர் திரும்பியது.

"கெட்டவங்கன்னா யாரு சார்?" என்றாள் கேரிஸ்.

நைஜல் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வானத்தைப் பார்த்தாள்.

"அது... மலைப்பக்கத்துல இருந்து வருவாங்க."

"எங்க தாத்தா வீடு மலையிலதான் இருக்கு!"

"சேச்சே, உங்க தாத்தா இல்லம்மா. அவரோட தாத்தாவுக்குத் தாத்தா..." சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

"அப்ப கோட்டையைக் கட்டினது யாரு?"

"உங்க வேல்ஸை ஜெயிச்ச இங்கிலாந்து ராஜா."

"நீங்க எந்த ஊரு சார்?"

பாவி மகளே, இதையுமா கேட்பாய்! பொய் சொல்ல வாய் வரவில்லை. "இங்கிலாந்து," என்றான்.

"டேய், பிடிங்கடா!"

மொத்த வகுப்பும் பாய்ந்தது. அவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு எவன் ஓடுவான்? அவனைக் கோட்டையின் பழைய சிறை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "கோட்டை நம்மளுது!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். பஸ் ஏறும் வரை அந்தக் கூச்சல் ஓயவில்லை. நைஜல் தரையில் உட்கார்ந்து தன் தலையெழுத்தை நொந்துகொண்டான்.

டிக்கெட் கொடுக்கும் க்வென் வந்து கதவைத் திறந்தாள்.

"நானே வேலையை விட்டுடறேன்மா. மானேஜர் கிட்ட சொல்லிடுங்க."

"விடறதாவது! வேலை நிரந்தரம்னு சொல்லத்தான் அவரு என்னை அனுப்பினாரு," என்று க்வென் அவனைத் தூக்கி நிறுத்தினாள். "நம்மூர் ஆளு நின்னா பிள்ளைங்களுக்குக் கோட்டையைக் கைப்பற்றணும்னு கோவமே வரமாட்டேங்குதுன்னுதானே, தேடித் தேடி ஒரு இங்கிலாந்துக்காரரை வேலைக்கு எடுத்தோம்!"