கதிரையை விட்டு எழும்பாத பல்லு மிஸ்ஸி

கொட்டாவி விடப் பயந்த ஊர் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் திருகோணமலை. காரணம், பல்லு மிஸ்ஸி.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய நேர்ஸ் அவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வாயைத் திறந்தால் உள்ளே எட்டிப் பார்த்துவிடுவார் என்ற பயம்.

பெரியவர்களின் பல்லில் அவருக்கு அதிகாரம் கிடையாது. மிஸ்ஸி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மீன் சந்தையில் விலை கேட்பவர், கோயிலில் தேவாரம் பாடுபவர், ஒருவரையும் விடமாட்டார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்ததுதான் தாமதம், "தாலியைக் கட்டிப்போட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ தம்பி, கடவாயில சொத்தை" என்றார். அந்தக் கலியாணப் படம் ஒன்றிலும் மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

நான் அப்போது தினமும் திருகோணமலையிலிருந்து போய்க் கிண்ணியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாலம் இல்லாத காலம். 'பாதை' என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில்தான் துறையைக் கடக்க வேண்டும். மிஸ்ஸியும் அதில்தான் வருவார். நடுத்தண்ணீரில் ஒருவரும் எழும்பி ஓட ஏலாது என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

பாதை ஓட்டியவர் காசிம் காக்கா. புயலுக்குப் பயப்படாதவர், பல்லுப் பிடுங்கும் குறட்டுக்குப் பயந்தவர். ஒருநாள் காலை அவருடைய கன்னம் பனங்காய் போல வீங்கிக் கிடந்தது. காய்ச்சலில் கண்ணும் சிவந்திருந்தது.

"காக்கா, வாயைத் திறவுங்கோ."

காக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சு விட ஏலாது. ஆள் முடிஞ்சிடும். விளையாட்டில்லை!"

கிண்ணியாவில் சனம் இறங்கியதும் பாதையைத் திருப்பச் சொன்னார் மிஸ்ஸி. காக்கா தப்பி ஓடாமல் மற்றக் கையைப் பிடிக்க என்னையும் மறித்தார்.

"மிஸ்ஸி, எனக்குப் பள்ளிக்கூடம்..."

"நீங்கள் வராட்டிப் பிள்ளையளுக்குச் சந்தோஷம்தான். பிடியுங்கோ கையை."

திருகோணமலைக் கரையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், பல்லு டொக்டரின் வாசலில் நின்ற பியோன், "நம்பர் துண்டு முடிஞ்சுது. நாளைக்கு வெள்ளெனவே வாங்கோ" என்றார்.

"முதல் பாதையில வந்தாலே துண்டு முடிஞ்சிடுது. அப்ப கிண்ணியாச் சனம் நீந்தியே வாறது?" என்று கத்திக்கொண்டு மிஸ்ஸி உள்ளே நுழைந்தார். நோயாளி சாய்ந்து இருக்கும் கதிரை அப்போதுதான் காலியாகியிருந்தது. ஏறி இருந்துவிட்டார்.

டொக்டர் மரியாதையான மனுசன். "மிஸ்ஸி, எழும்புங்கோ."

"ஏலாது டொக்டர். காக்காவை இப்பவே பாருங்கோ. கிழமைக்கு ஒருநாள் நீங்கள் கிண்ணியாவுக்கு வரவும் வேணும். அதுவரைக்கும் எழும்பமாட்டன்."

டொக்டர் குழாயடிக்குப் போனார். கையைக் கழுவினார். வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார்.

"இந்தக் கதிரையில இருக்கிற ஆள் நோயாளி. வாயைத் திறவுங்கோ."

மிஸ்ஸியின் முகம் வெளிறிப்போனது. ஊரையே 'ஆ' சொல்ல வைத்தவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். காய்ச்சலையும் மறந்து கிட்டப் போனார் காக்கா.

"திறங்க மிஸ்ஸி. விளையாட்டில்ல!"

திறந்தார். பின் கடவாயில் ஒரு பல் வேர் வரைக்கும் சொத்தை.

"எவ்வளவு காலமா இது?" என்றார் டொக்டர்.

"எனக்குப் புடுங்கப் பயம்" என்றார் மிஸ்ஸி, கேட்டும் கேட்காத குரலில். அடுத்த கணமே பேரத்துக்கு வந்துவிட்டார். "முதல்ல காக்கா. பிறகு கிண்ணியாவுக்கு வாறன் எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு இதைப் புடுங்குங்கோ."

"ஓம், வாறன்" என்றார் டொக்டர் சிரித்துக்கொண்டு.

காக்காவின் சீழை எடுத்துப் பல்லையும் பிடுங்கினார். பிறகு மிஸ்ஸியின் முறை. வாயில் பஞ்சைக் கடித்தபடி காக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸி போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் தூக்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன்.

டொக்டர் சொல்லுத் தவறவில்லை. கிழமைக்கு ஒருநாள் எங்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் கதிரை போட்டார். பக்கத்து மூதூரிலிருந்தும் சனம் வந்தது.

சில வருஷத்தில் மிஸ்ஸிக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. அவர் கிண்ணியாவிலிருந்து கடைசியாகத் திரும்பிய பின்னேரம், நடுத்தண்ணீரில் காக்கா இஞ்சினை நிற்பாட்டினார்.

"பழுது போல கிடக்கு" என்றார்.

ஒரு பழுதும் இல்லை என்று பாதையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போக ஒரு அவசரமும் இருக்கவில்லை.