தாய்வழித் தெம்பு

உயிரே போனாலும் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைக் கையால் தொடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தான் மலைமேல் வாழவந்தி நாட்டுக் கருப்பண்ணன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அவன் பெண்டாட்டி கலைமணி குடிக்காத கஷாயம் கிடையாது, வேண்டாத சாமி கிடையாது. மாமியார் பாவாயி காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மருமகளின் வயிற்றைப் பார்ப்பாள். இரண்டாவது வேலையாகப் பெருமூச்சு விடுவாள். கலைமணிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. இனிமேல் உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள், இந்த டப்பாவில் விந்து எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழம நாமக்கல் போலாங்களா?"

"குச்சிக்கிழங்கு லோடு இருக்குது."

"லோடோடயே போலாங்க."

"எனக்கென்ன புள்ள கொறச்சல்? பாறையாட்டம் இருக்கறேன்."

"பாறைக்கு எங்கீங்க கொழந்த பொறந்துச்சு?"

கருப்பண்ணனுக்கு வாய்தான் பாறை, உள்ளே மணல். குறை தன்னுடையது என்று ஆகிவிட்டால் மலையில் எந்த முகத்தோடு நடமாடுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுடைய பிக்கப் வண்டிக்கு லோடு ஏற்றும் வேல்முருகன் நாலு பிள்ளை பெற்றவன். தரம் நிரூபிக்கப்பட்ட சரக்கு.

"எனக்குப் பதிலா நீ டப்பாவ நெப்பிக் குடுத்துரு. பிரியாணி வாங்கித் தாரேன்."

"கலைமணித் தங்கச்சி மூஞ்சீல நான் எப்படிப்பா முழிக்கறது?"

"ரெண்டு பிரியாணி."

வெள்ளிக்கிழமை, கிளினிக் பாத்ரூம் ஜன்னல் வழியாக டப்பா கைமாறியது. கருப்பண்ணன் அதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறையிலிருந்து கலைமணி பூரித்த முகத்தோடு வந்தாள்.

"ஏனுங்க, நீங்க குடுத்தது முத்தாட்டம் இருக்குதாம். இன்னிக்கே எனக்குள்ள வெச்சுரலாங்கறாங்க."

"என்னத்த?"

"அதத்தானுங்க. கழுவி, ஊசியில எடுத்து, நேரா உள்ள. நான் போய்ப் படுக்கட்டுங்களா?"

கருப்பண்ணன் குதித்தெழுந்து அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம் புள்ள!"

"ஏனுங்க? உங்களுதுதான?"

"என்னுதில்ல! வேல்முருகனுது!"

காத்திருந்த அத்தனை ஜோடிகளும் திரும்பிப் பார்த்தன. கலைமணி நிதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேல்முருகண்ணனுதும் இல்லீங்க. எதுத்த கடை மோரு. அண்ணன் நேத்தே வந்து எல்லாத்தயும் சொல்லி அழுதுட்டாரு. நர்ஸம்மாவுக்கும் தெரியும்." பையிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். "போய்ட்டு வாங்க. நான் எங்கயும் போகல."

போனான். வேறு எங்கே போவது?

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "எண்ணிக்கை போதுமான அளவு இருக்குங்க. ஆனா முக்கால்வாசி நகரவே இல்ல. விந்தணுவோட தலைக்கும் வாலுக்கும் நடுவுல மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கும். குட்டிக் குட்டி கரண்ட் ஸ்டேஷன் மாதிரி. வாலடிச்சு நீந்தத் தெம்பு குடுக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. அது மந்தமாயிருந்தா வண்டி இருந்தும் இழுவை இருக்காது. பீடி குடிப்பீங்களா?"

"கட்டுக் கட்டா," என்றாள் கலைமணி.

"பீடிப் புகை, சீட்டுக்கு அடியில என்ஜின் சூடு, ரெண்டுமே கெடுதல். மூணு மாசம் விட்டுட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது. தேறினவங்க இருக்காங்க."

கருப்பண்ணன் காதில் 'நகரவே இல்ல' மட்டும்தான் விழுந்தது. ஆறு வருஷமாக அவள் குடித்த கசப்பெல்லாம் இப்போது அவன் தொண்டைக்கு வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கலைமணிக்கோ ஒரு சந்தேகம். "இந்தக் கரண்ட் ஸ்டேஷனு பொறப்புல யாருகிட்ட இருந்துங்க வருது?"

"எல்லாருக்கும் அம்மாகிட்ட இருந்துதான். அப்பா வழியில வராது. அதுக்காக அவங்க மேல தப்புன்னு சொல்லல..."

"புரிஞ்சுதுங்க," என்றாள் கலைமணி.

மலையேறும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். கலைமணி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லீராத புள்ள. பீடி, வேல்முருகன், மோரு... எதையும் சொல்லீராத."

"அந்த மூணப் பத்தியும் வாயே தொறக்க மாட்டேனுங்க."

வீட்டில் பாவாயி வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன சாமி சொன்னாங்க? இவளுக்கு என்ன கோளாறாம்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை," என்றாள் கலைமணி. "உங்க மகனுக்குத்தான் தெம்பு பத்தலையாம். அந்தத் தெம்பு பெத்தவகிட்ட இருந்து மட்டுந்தான் வருமாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

பாவாயி மகனைப் பார்த்தாள். இல்லை என்றால் பீடியைச் சொல்ல வேண்டும். பீடியைச் சொன்னால் வேல்முருகன் வருவான். வேல்முருகன் வந்தால் மோர் வரும்.

"ஆமாம்மா," என்றான் கருப்பண்ணன். "உன்கிட்ட இருந்துதான் வந்துச்சாம்."

அதிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. மருமகளிடம் மட்டும் தினமும் கேட்கிறாள்: "ஏங்கண்ணு, உனக்கு இன்னொரு தோச ஊத்தட்டுமா?"