லயத்து வீட்டில் ஒரு சுமத்ரா

கதை எழுதிப் பழகாத கை இது. பெரியோர்கள் பிழை பொறுத்து, சலீமின் அச்சத்தை மட்டும் பார்த்தருள வேண்டுகிறேன்.

கைப்பேசி அலறியதும் சலீம் பேனாவைக் கீழே போட்டார். வீடியோ அழைப்பில் மனைவி ஹஃபீசா.

மலையூரான பிரிஞ்சாங்கில் உணவுக்கடை நடத்தும் சலீம், பள்ளிவாசல் ஆண்டுமலருக்காக, பழங்காலப் பயணி இப்னு பதூதா அந்நாளில் சென்ற சுமத்ராவுக்குத் தாமும் போய்ப் பயணக் கட்டுரை எழுதுவதாக ஊரறியச் சொல்லியிருந்தார். விமானத்தைக் கண்டதும் பயந்து, ஏறாமலே திரும்பிவிட்டார். நான்கு நாளாக, தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுநரான நண்பர் காளிமுத்துவின் லயத்து வீட்டில் ஒளிந்து, சுமத்ராவைக் கற்பனையில் எழுதிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் ஹஃபீசாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"என்னங்க, கடலக் காட்டுங்க லா."

"ஒரே பனிம்மா. ஒண்ணும் தெரியல."

"பின்னால என்னா பச்சையா?"

"தேயிலை. இங்கயும் போடுறாங்க."

"தனியாவா சுத்துறீங்க?"

"வழிகாட்டி இருக்காரு" என்று உளறிவிட்டார்.

"அவருகிட்ட குடுங்க."

சலீம் தம் சொங்கோக் தொப்பியைக் கழற்றிக் காளிமுத்துவின் தலையில் கவிழ்த்தார்.

"டேய், எனக்கு இந்தோனேசியா பாசை தெரியாதுடா!" என்று காளிமுத்து கிசுகிசுத்தார்.

"சிரி, போதும்!"

காளிமுத்து உள்ள பல்லையெல்லாம் காட்டினார்.

"அவரு நெத்தியில என்னாங்க, வெள்ளையா மூணு கோடு?"

"அது... எரிமலைச் சாம்பல்!"

"யா அல்லா! எரிமலையா? இருங்க, தூதரகத்துக்குப் போன் போடுறேன். ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்றேன்!"

"வேணாம்மா! வேணாம்!"

கையை வீசி மறுத்த வேகத்தில் கைப்பேசி நழுவி, வாசலில் உரம் கரைத்து வைத்திருந்த டிரம்மில் மூழ்கியது.

இனித் தடுக்கவும் வழியில்லை. தூதரகம் தேடும். பத்திரிகையில் படம் வரும். பள்ளிவாசலில் எந்த வரிசையில் போய் நிற்பது? சலீம் கட்டுரையைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"எடுறா லோரிய! அவ கால்லயே விழுந்துடுறேன்."

அப்போது காளிமுத்துவின் மனைவி நீலாவதி சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார்.

"சாப்ட்டுட்டுப் போங்கண்ணே."

"எறங்காதும்மா. ஹஃபீசாவுக்கு மட்டும் தெரிஞ்சா..."

"அவங்களுக்குத் தெரியாமலா? ஹலால் இல்லாம நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு நாலு நாளா உங்க கடையிலதானே வாங்கியாறேன்! அக்காதான் உங்களுக்குப் பிரஷர்னு உப்பக் கொறச்சு, கையாலயே கட்டிக் குடுக்குறாங்க."

இழந்தவை: விமானச் சீட்டு ஒன்று, கைப்பேசி ஒன்று, கட்டுரை பதினொரு பக்கம்.