இடுக்கி பிடித்தவர்

ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு யார் தலைவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அறைக் கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் போய்ப் படிக்காதீர்கள். அதில் போன தலைவரின் பெயரே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மத்தியான வேளையில் எங்கள் பின்வாசலுக்கு எதிரே உள்ள பன்றி இறைச்சிக் கடைக்குப் போங்கள். நடுவில் அடுப்பு பதித்த மேசையைச் சுற்றி ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு பேரின் வாய் அசைந்துகொண்டிருக்கும். ஐந்தாவது ஆள் ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் கத்தரிக்கோலுமாக, மூக்குக்கண்ணாடியில் கொழுப்பு தெறிக்க, புகையில் கண் கலங்க, இறைச்சியைப் புரட்டி, நறுக்கி, வெந்த துண்டுகளை மற்றவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பார். அவர்தான் தலைவர். ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்கு அவர் இன்னும் தாழ்வாகக் குனிவார்.

இந்த இனம் ஆதியில் இப்படி இருந்ததில்லை. நான் மாணவனாக இருந்தபோது துறைத்தலைவர் என்றால் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டதுமே சிகரெட்டுகள் அணையும். சாப்பாட்டுக் கடையில் கதவிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் மரியாதை இடம் அவருக்கு. அவர் கரண்டியை எடுக்காமல் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். யாருக்கு வேலை, யாருக்குப் பட்டம், யாருக்கு ஜன்னல் வைத்த அறை என்பதெல்லாம் அவர் தொண்டையைச் செருமுவதில் இருந்தது. அந்த நாற்காலிக்காக எங்கள் பழஞ்சீன இலக்கியத் துறையில் இரண்டு பேராசிரியர்கள் பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த அறைதான். ஆனாலும் சீட்டு எழுதித்தான் அனுப்பிக்கொள்வார்கள், அதுவும் செய்யுளில்.

இப்போது? நாட்டில் பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது. மாகாணத்துக் கல்லூரிகளில் இருக்கைகள் காலியாயின. அதிகாரம் மெல்ல மாடியேறித் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, வேலை மட்டும் படியிறங்கித் துறைக்கு வந்துவிட்டது. ஆகவே, முன்பு அடித்துக்கொண்டு பிடித்த நாற்காலியை இப்போது ஆளுக்கு ஆள் உபசரித்துத் தள்ளுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாரம்தான் எங்கள் துறையில் நோய்க்காலம். ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். இன்னொருவருக்கு மாமியாருக்கு நினைவு தப்பும். எனக்கு முதுகெலும்பில் தட்டு விலகும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். கடைசியில், நோய் சொல்லும் வயது வராத ஒரே ஆள் மாட்டிக்கொள்வார்.

அப்படி மாட்டியவர்தான் யோம் தேஹா. வயது நாற்பத்து நான்கு. எங்கள் மூத்த பேராசிரியர் நாம்குங்கின் பழைய மாணவர். குருவுக்கே தலைவரான சீடர் என்றால் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மேசையில் வயதில் சின்னவர்தான் இறைச்சி சுட வேண்டும். ஆகவே பதவி வந்த பிறகும் இடுக்கி அவர் கையை விட்டுப் போகவில்லை. "தலைவரே, அந்தப் பக்கம் கருகுது பாருங்க" என்பார் நாம்குங், மரியாதை ஒரு சொட்டும் குறையாமல்.

இந்த இனத்தை அக்டோபரில் கவனித்தால் ஆராய்ச்சிக்கு நல்லது. அப்போது அது மாணவர் பிடிக்க மேல்நிலைப்பள்ளிகளைத் தேடித் திரியும். துறையின் பெயர் அச்சிட்ட ஈரக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள் இரண்டு பை நிறைய. யோம் ஒரு பள்ளிக்குப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்தார். பையை நான் தூக்கவில்லை, முதுகு இருக்கிறதே. ஆசிரியர் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'விற்பனையாளர்களும் பேராசிரியர்களும் உள்ளே வரக் கூடாது.' யோம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றபடியே உள்ளே இருந்த வகுப்பாசிரியருக்கு இடுப்பை வளைத்தார்.

"எந்தத் துறைங்க?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"பழஞ்சீன இலக்கியங்க."

"அடடே. அது இன்னும் இருக்கா?"

"இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்குங்க."

"எங்க பிள்ளைங்க தன் பேரையே சீன எழுத்துல எழுதத் தெரியாம நிக்குதுங்க. சரி, கைக்குட்டைய அங்க வச்சிட்டுப் போங்க. போன தடவை வந்த பல் மருத்துவத் துறைக்காரங்க பிரஷ் குடுத்தாங்க. அது உபயோகமா இருந்துச்சு."

திரும்பி வரும்போது யோம் சிரித்துக்கொண்டே வந்தார். இந்த இனத்துக்கு அந்தச் சிரிப்பு உடம்போடு ஒட்டிவிடும். விடுப்பு எடுத்த மாணவனின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போதும், படித்து முடித்தவளிடம் "வேலை கிடைச்சிடுச்சாம்மா? பகுதிநேரமா இருந்தாக்கூட துறைக் கணக்குக்கு ஒரு சான்று அனுப்பேன்" என்று கெஞ்சும்போதும், தலைமை அலுவலகத்தின் நாற்பது பக்க மதிப்பீட்டுப் படிவத்தில் 'துறையின் எதிர்காலப் பார்வை' என்ற கட்டத்தை நிரப்பும்போதும் அதே சிரிப்புதான். துறையின் கைப்பேசிக் குழுவில் "மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, இன்று மாலைக்குள் கருத்துத் தெரிவிக்கவும்" என்று எழுதுவார். இன்னும் எத்தனை பேர் படிக்கவில்லை என்று பக்கத்தில் ஒரு எண் தெரியும். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு எண்ணே மறைந்துவிடும். பதில் மட்டும் வராது.

இப்படியிருக்கையில் ஒரு புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. இருபது இடத்துக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். சுற்றுலாத் துறையோடு இணைகிறீர்களா, அல்லது அடுத்த ஆண்டு முதல் சேர்க்கையை நிறுத்திக்கொள்கிறீர்களா, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நிறுத்தியதாகக் கொள்வோம். யோம் எங்களை இறைச்சிக் கடைக்கு அழைத்துப் போனார். முதல் தட்டு வெந்து முடியும்வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

"சுற்றுலாவா?" என்றார் நாம்குங். "ஆயிரம் வருஷத்துச் செய்யுள் சொல்லித் தர்றவங்க நாம. கொடியப் பிடிச்சிக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாடி நடக்கச் சொல்றீங்களா?"

"அப்ப வேண்டாம்னு எழுதிடட்டுங்களா ஐயா?"

"வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப சேர்ந்துக்கலாமா?"

"அதையும் நான் சொல்லலையே." ஒரு துண்டைக் கீரை இலையில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார். "எல்லாத்தையும் தலைவரே பார்த்து முடிவு பண்ணுங்க."

"ஆமா, தலைவர் பார்த்து முடிவு பண்ணினா சரிதான்" என்றோம் நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில். அன்றைக்கு இறைச்சி நன்றாக வெந்திருந்தது.

இந்த வாக்கியத்துக்கு உரை எழுத வேண்டும். 'நீங்களே முடிவு பண்ணுங்கள்' என்றால் முடிவு பண்ணக் கூடாது என்று அர்த்தம். சொல்லப்பட்டவர் ஆளுக்கொரு பழச்சாறுப் பெட்டியோடு ஒவ்வொருவர் அறைக்கும் வந்து மறுபடி கேட்க வேண்டும். மறுபடி அதே பதில் வரும். மூன்றாம் முறை வரும்போது நாங்கள் நினைப்பதை அவர் வாயால் சொல்லவைப்போம். நன்றாக முடிந்தால் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. கெட்டால் தலைவர் செய்த வேலை. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. யோமுக்கும் தெரியும். ஆனால் வியாழன் போயிற்று, பழச்சாறு வரவில்லை. நான் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி நாலு நாற்பதுக்குக் குழுவில் செய்தி வந்தது: 'நீங்கள் நால்வரும் சொன்னபடி நானே முடிவு செய்து படிவத்தைக் கொடுத்துவிட்டேன். இணைகிறோம்.' எண் ஒரே நிமிடத்தில் மறைந்தது. அடுத்த நிமிடம் தாழ்வாரத்தில் நாம்குங்கின் குரல். தலைவர் என்ற சொல் எங்கோ பறந்துபோயிருந்தது.

"டேய் தேஹா! யாரக் கேட்டுடா குடுத்த?"

"உங்களைக் கேட்டுத்தாங்க ஐயா. நீங்கதான் முடிவு பண்ணச் சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுடா! இருவது வருஷமா என்கூட இருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஐயா." யோம் அப்போது சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "நேத்து அந்த ஒன்பது பிள்ளைங்களும் என் அறையில வந்து உக்காந்துட்டாங்க. 'எங்களுக்குப் பின்னாடி யாராவது வருவாங்களா சார்?'னு ஒரு பொண்ணு கேட்டா. அவகிட்ட ஒரு பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரல."

நாம்குங் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கொஞ்சம் நல்லவனாகி, யோமின் தோளைத் தட்டி, "நல்ல காரியம் பண்ணினீங்க தலைவரே" என்றேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

"உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு சார்?"

"ஏதோ இருக்கு. குனிய முடியல."

"ஞாயித்துக்கிழமை மலை உச்சியில எடுத்த படம் போட்டிருந்தீங்களே, பார்த்தேன். பாறை மேல நல்லா குதிச்சிருந்தீங்க." பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்தார். "புதுத் துறைக்கு முதல் தலைவர் பேரை எழுதணும்னு ஒரு கட்டம் இருந்துச்சு. சுற்றுலாக்காரங்க எல்லாரும் என்னைவிட மூத்தவங்க, என் பேச்சு எடுபடாது. நாம்குங் ஐயாவுக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. வயசுக்கு ஒரு மரியாதை வேணும் இல்லீங்களா? அதனால நானே பார்த்து முடிவு பண்ணிட்டேன்."

கட்டத்தில் என் பெயர் இருந்தது, அழகான சீன எழுத்தில்.

இணைந்த துறையின் முதல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே கடைக்குப் போனோம். நாம்குங் வரவில்லை. ஒன்பது பேர், மேசைகளிலேயே மூத்தவன் நான். என்னைக் கதவிலிருந்து மிகத் தள்ளியிருந்த இடத்தில்தான் உட்கார வைத்தார்கள், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அக்டோபர் வருகிறது. பள்ளிகளுக்கு யார் போவது என்று கேட்க வேண்டும். கேட்க வாயெடுக்கும்போது என் கை தானாக நீண்டு இடுக்கியை எடுத்ததை நானே கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. இடுக்கி வயதைப் பார்ப்பதில்லை ஐயா, யாருக்குக் காரியம் ஆக வேண்டுமோ அவர் கைக்குப் போய்விடுகிறது.

"அக்டோபர்ல பள்ளிக்கூடங்களுக்கு யார் யார் போறது?" என்றேன், துண்டுகளை எல்லோர் பக்கமும் தள்ளியபடி.

எட்டுப் பேரும் அடுப்பைப் பார்த்தார்கள். யோம் மெல்ல இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முதுகுல ஏதோ தட்டு விலகியிருக்காம் சார். நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. அந்தப் பக்கம் கருகுது பாருங்க, தலைவரே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரில் அது இடுக்கியாக இருக்காது, கரண்டியாக இருக்கலாம், சாவிக்கொத்தாக இருக்கலாம். கடைசியாக நடந்த கூட்டத்தில் 'நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தீர்களே, அவர் இதுவரை உங்களிடம் இரண்டாம் முறை கேட்க வரவில்லை, இல்லையா?